பாவும் ஊடும்: தரவு மையப் பின்னல்களில் பழுதுதாங்கும் வழிச்செலுத்தம்

ஓர் இழை அறுந்தால் துணி என்னவாகும் என்னும் வினாவுக்கு வேலம்பாளையத்தில் விடை கூறாதார் இலர். பனியன் துணி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னப்படுவது. ஒரு கண்ணி விடுபட்டால் அதனைப் பற்றி நிற்கும் அடுத்த கண்ணியும் நெகிழ்கின்றது. ஓட்டை ஏணிப்படி போல் நீள்கின்றது. அதனாலன்றோ வட்டப் பின்னல் எந்திரங்களில், நூல் அறுந்த கணமே எந்திரத்தை நிறுத்திவிடும் அமைப்பு பொருத்தப்பட்டுள்ளது! தறியில் நெய்த துணியின் இயல்பு வேறு. பாவிழைகள் ஆயிரக்கணக்கில் நெடுக்காக ஓட, ஊடிழை குறுக்காகப் பாய்கின்றது. அவற்றுள் ஒன்று அற்றாலும் சுற்றியுள்ள இழைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. துணி துணியாகவே நிற்கின்றது.

கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்துள்ள தரவு மையங்களில், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்பிற்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் 'சுவிட்ச் ஃபேப்ரிக்' என்பது. துணியைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான். அதனைத் தமிழில் 'இணைப்புப் பின்னல்' என இக்கட்டுரை ஆளும். 'நெசவு' என்பதே பொருட்சிறப்பால் பொருந்தும் என்பது என் கருத்து. ஆயினும் பின்னல் என்ற சொல் வழக்கூன்றிவிட்டது. 'சுவிட்ச்' என்ற சொல்லை அவ்வாறே ஆள்கின்றேன். 'நிலைமாற்றி' எனின் வீட்டு மின்விளக்கின் பொத்தானே நினைவுக்கு வரும். ஈண்டுப் பேசப்படும் சுவிட்சோ, ஒரு வாயிலில் வரும் தரவுப் பொதியின் முகவரியைப் படித்து, உரிய மறு வாயில் வழியே அனுப்பும் கருவியாகும். பின்னலின் ஓரிடத்தில் பழுது நேரினும் பொதிகள் தடையின்றிச் செல்லுமாறு வழி அமைப்பதே பழுதுதாங்கும் வழிச்செலுத்தம்.

பெயரிலேயே எண்ணைத் தாங்கி 15 வேலம்பாளையம் என வழங்கி, இன்று திருப்பூர் மாநகராட்சியுள் அடங்கியுள்ள நம் ஊருக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு எனப் பெரியோர் வினவலாம். மாநிலம் கடந்து செல்லும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு, மின்வழிச் சீட்டு இன்றி லாரி ஏறுதல் இயலாது. அச்சீட்டை வழங்குவது எங்கோ ஒரு தரவு மையத்திலுள்ள கணினி. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் இம்முறை நடைமுறைக்கு வந்தபோது, தொழில்நுட்பக் கோளாற்றால் அன்றே ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதலே மீண்டும் தொடங்கப்பட்டது. சரக்குச் சேவை வரிக் கணக்கு, வங்கிப் பரிமாற்றம், வெளிநாட்டு வணிகர் அனுப்பும் அளவுக் குறிப்பு ஆகிய யாவும் இவ்வாறே கண்காணாத் தரவு மையங்களின் வழியே வருகின்றன. சென்னை அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்துள்ள அத்தகைய கட்டடங்களுள் என்ன நிகழ்கின்றது என்பதைக் கலைக்கல்லூரி மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

பழைய மரம்

தொடக்க காலத் தரவு மையம் மரம் போன்றது. கணினிகள் இலைகள். ஓர் அடுக்கிலுள்ள கணினிகள் யாவும் அவ்வடுக்கின் சுவிட்சுடன் இணையும். அடுக்குச் சுவிட்சுகள் பல சேர்ந்து ஓர் இடைநிலைச் சுவிட்சுடன் இணையும். அவையனைத்தும் உச்சியிலுள்ள ஓரிரு பெருஞ்சுவிட்சுகளில் சென்று முடியும். உச்சியிலுள்ளது பழுதுற்றால் ஊரே இருண்டது போலாகும். அதற்கெனத் துணைக்கு மற்றொன்றை வைத்தனர். ஆயின் இரண்டு வழிகள் இருந்தால் பொதிகள் வட்டமடித்துச் சுழலத் தொடங்கும் என்னும் இடர் எழுந்தது. அமெரிக்கப் பெண் அறிஞர் ரேடியா பெர்ல்மன் 1985இல் இதற்கொரு தீர்வு கண்டார். மிகையான இணைப்புகளைச் சுவிட்சுகள் தாமே கூடிப் பேசி மூடிவைக்கும். முதல் வழி அறுந்தால் மட்டுமே மூடியதைத் திறக்கும். நுண்மையான தீர்வுதான். ஆயினும் அதில் இரு குறைகள் இருந்தன. விலை கொடுத்து வாங்கிய வடத்திற் பாதி வேலையின்றிக் கிடக்கும். பழைய முறைப்படி மாற்று வழி திறக்க 50 நொடிகள் வரை ஆகும். நொடிக்கு 10 கிகாபிட் செல்லும் வடத்தில் 50 நொடி என்பது 500 கிகாபிட். மனிதனுக்குச் சிறு பொழுதாகத் தோன்றும் அவ்விடைவெளி கணினிக்கு ஒரு யுகமாகும்.

தொலைபேசி தந்த விடை

விடை புதிதாகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் கிளாஸ் என்பார் 1953இல் எழுதிய ஒரு கட்டுரையில் அது கிடந்தது. அவர் எண்ணியது தொலைபேசி நிலையத்தை. ஆயிரம் பேரை ஆயிரம் பேருடன் இணைக்க ஒரே பெருங்கருவி செய்தால் அதன் விலை கட்டுக்கடங்காது. ஆகவே சிறு சிறு கருவிகளை நுழைவு, நடு, வெளியேற்றம் என மூன்று வரிசைகளாக நிறுத்தி, ஒவ்வொரு நுழைவுக் கருவியையும் ஒவ்வொரு நடுக்கருவியுடனும், ஒவ்வொரு நடுக்கருவியையும் ஒவ்வொரு வெளியேற்றக் கருவியுடனும் கோத்தார். நுழைவும் நடுவும் பாவும் ஊடும் போல் குறுக்கிட்டு நிற்கும் காட்சியை மாணவர் தாளில் வரைந்து பார்த்தல் வேண்டும்.

நடுவில் எத்தனை கருவிகள் இருந்தால் எவர்க்கும் 'வழியில்லை' என்ற விடை கிட்டாது? கிளாசின் கணக்கு எளிது, ஆதலின் ஈண்டு அதனைக் கூறுவேன். ஒரு நுழைவுக் கருவியில் மூவர் உள்ளனர் எனக் கொள்க. யான் பேச முற்படும்போது என் அண்டையர் இருவரும் முன்னரே பேசிக்கொண்டிருப்பின் இரு நடுக்கருவிகள் எனக்கு அடைபட்டுவிடும். நான் அழைப்பவரின் அண்டையர் இருவரும் பேசிக்கொண்டிருப்பின் அவர் பக்கம் வேறு இரண்டு அடைபடும். இந்நான்கும் வெவ்வேறாக அமைவதே மிகக் கொடிய நிலை. ஐந்தாவது ஒன்று இருந்தால் அது கட்டாயம் இருவர்க்கும் பொதுவாகத் திறந்திருக்கும். ஆக, மூவர்க்கு ஐந்து. பொதுவாகக் கூறின், ஒரு கருவியில் உள்ளோர் தொகையின் இருமடங்கில் ஒன்று குறைவு. கிளாஸ் தேடியது நெரிசலின்மையை. பழுதுதாங்குதல் அவ்வமைப்பின் உடன்பிறப்பாக வந்து வாய்த்தது. நடுவில் எத்தனை கருவிகள் உளவோ அத்தனை வழிகள். ஒன்று இறப்பின் ஏனையவை உள.

பின்னர், 1964இல், ராண்ட் நிறுவனத்தின் பால் பாரன், போர்க்காலத்திலும் அறுபடாத செய்தி வலை பற்றி ஆராய்ந்து, ஒவ்வொரு கணுவுக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை வியத்தகு உறுதி பெறும் எனக் கண்டார். ஆயிரம் வேண்டுவதில்லை, மூன்று நான்கு போதும் என்பது அக்காலத்தில் வியப்பூட்டிய முடிவு.

கிளாசின் கருத்தைத் தரவு மையத்திற்குத் துணிந்து கொணர்ந்தவர்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த முகம்மது அல்-ஃபாரிஸ், அலெக்சாண்டர் லூகிசாஸ், அமீன் வாஹ்தத் ஆகிய மூவர். 2008இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, விலையுயர்ந்த பெருஞ்சுவிட்சுகளை விடுத்துக் கடைச்சரக்கான சிறு சுவிட்சுகளைக் கொண்டே பெரும்பின்னலை நெய்யலாம் எனக் காட்டிற்று. 48 வாயில்கள் கொண்ட ஒரே வகைச் சுவிட்சுகள் 2,880 இருந்தால் 27,648 கணினிகளை இணைக்கலாம். வெவ்வேறு தொகுதியிலுள்ள இரு கணினிகளுக்கிடையே 576 வழிகள் அமையும். உச்சியிலுள்ள ஒரு சுவிட்ச் மடிந்தால் இழப்பு ஐந்நூற்றெழுபத்தாறில் ஒரு பங்கே. பழைய மரத்தில் பாதி போன இடத்தில் இதனை ஒப்பிட்டு நோக்குக.

வழியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

வழிகள் பல இருந்தால் எவ்வழி செல்வது? படிப்படியான கணக்கு முறைக்கு உலக மொழிகளில் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் அறிவுப்பணி புரிந்த முஸ்லிம் கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன் மொழியில் திரிந்ததே என்பதை இம்மலரைப் படிக்கும் இளைஞர் பெருமிதத்துடன் நினைவிற் கொள்ளலாம். மிகக் குறுகிய வழியைக் காணும் கணக்கை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். ஆயின் இணைப்புப் பின்னலில் குறுகிய வழி ஒன்றன்று; நூற்றுக்கணக்கானவை சம நீளமுடையன. ஆதலின் சுவிட்ச் வேறொரு முறையைக் கையாள்கின்றது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருபுற வாயில் எண்கள், பரிமாற்ற வகை ஆகிய ஐந்தையும் கலந்து ஓர் எண்ணாக்கி, அவ்வெண்ணைக் கொண்டு வழியைத் தெரிவு செய்கின்றது. ஒரே உரையாடலைச் சேர்ந்த பொதிகட்கு இவ்வைந்தும் மாறாவாதலின் அவை ஒரே வழியில், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிறழாது செல்லும். வெவ்வேறு உரையாடல்கள் வெவ்வேறு வழிகளிற் பரவும். ஒரு வடம் அறுந்தால் சுவிட்ச் தன் பட்டியலிலிருந்து அவ்வழியை நீக்கிவிட்டு, எஞ்சிய வழிகட்குப் பங்கிடும். மேலிடத்தைக் கேட்க வேண்டுவதில்லை. அண்டை அயலாரிடம் உரைக்கவும் வேண்டுவதில்லை.

வடம் அறுந்ததை எவ்வாறு அறிவது? ஒளி நின்றால் உடனே தெரியும். ஒளி நில்லாத பழுதுகளும் உள. அதற்காக அண்டைச் சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று நொடிக்குப் பன்முறை சிறு பொதிகளை அனுப்பி 'உளேன், உளேன்' எனக் கூறிக்கொண்டே இருக்கும். மூன்று முறை குரல் வாராதாயின் வழி அற்றது எனக் கொள்ளப்படும். மிக விரைந்து முடிவு செய்தால் சிறு நெரிசலையும் இறப்பென மயங்க நேரும். மிகத் தாழ்த்தால் பொதிகள் பாழிற் கொட்டும். இவ்விரண்டிற்குமிடையே அளவு காண்பது இன்றளவும் பட்டறிவால் அமைவதேயாகும்.

ஏறும்போது பல வழி, இறங்கும்போது ஒரு வழி

இதுவரை கூறியவற்றால் யாவும் தீர்ந்தன எனத் தோன்றும். தீரவில்லை. பொதி கீழிருந்து உச்சி நோக்கி ஏறும்போதுதான் வழிகள் பல. உச்சிச் சுவிட்சை அடைந்த பின் அங்கிருந்து பெறுநரின் தொகுதிக்கு இறங்கும் வடம் ஒன்றே ஒன்று. கோபுரத்தின் மேனிலைக்கு ஏறப் படிகள் பலவிருந்து, நாம் சென்றடைந்த நிலையிலிருந்து அப்பால் இறங்க ஒரு படி மட்டும் இருந்து அதுவும் இடிந்துபோன நிலை. உச்சிச் சுவிட்ச் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாது நிற்கும். ஏறும் இடத்திலேயே 'அவ்வுச்சிக்குச் செல்லற்க' என முன்கூட்டி அறிவிக்கப்பட்டிருந்தாலன்றி அப்பொதி மீளாது. அவ்வறிவிப்பு பின்னல் முழுதும் பரவும் வரை வரும் பொதிகளெல்லாம் இழப்பே.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் லியூ, டேனியல் ஹால்பெரின், அரவிந்த் கிருஷ்ணமூர்த்தி, தாமஸ் ஆண்டர்சன் ஆகியோர் 2013இல் இதற்கொரு வழி கூறினர். தொகுதிகள் யாவற்றையும் ஒரே ஒழுங்கிற் கோவாமல், பாதியை ஓர் ஒழுங்கிலும் மறுபாதியை வேறோர் ஒழுங்கிலும் கோத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், இறங்கும் வடம் அறுந்த உச்சிச் சுவிட்ச் பொதியை வேறு வகைத் தொகுதி ஒன்றிற்கு இறக்கி, அங்கிருந்து மற்றோர் உச்சிக்கு ஏற்றி, உரிய இடத்திற் சேர்க்கலாம். சுவிட்ச் ஒன்றும் கூடவில்லை. வடம் ஒன்றும் மிகவில்லை. கோவை மாறியது, அவ்வளவே. ஒரே நூலைக் கொண்டு, ஊசிகளின் அடைவை மாற்றியமைப்பதாலேயே வேறு தன்மையுள்ள துணியைப் பெறும் நம் பின்னல் தொழிலாளர்க்கு இது புதிராகாது.

நில்லாத எந்திரம்

நூல் அறுந்தால் எந்திரம் நிற்கும் என்றோம். ஊசி சற்றே வளைந்தால்? நூல் அறுவதில்லை, எந்திரமும் நிற்பதில்லை. துணி மீட்டர் மீட்டராக இறங்கிக்கொண்டே இருக்கும். சாயம் ஏறிய பின்னரோ, சோதனை மேசையில் விரித்த பின்னரோதான் நெடுகக் கோடு விழுந்திருப்பது தெரியும். இணைப்புப் பின்னலிலும் இத்தகைய பழுது உண்டு. சுவிட்ச் 'உளேன்' எனக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயின் ஆயிரம் பொதிகளில் சிலவற்றை ஓசையின்றித் தொலைக்கும். கண்காணிப்போர்க்கு நலம் போலவும் பயன்படுத்துவோர்க்கு நோய் போலவும் தோன்றும் இதனை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் 2017இல் 'சாம்பல் நிறப் பழுது' எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். முற்றிலும் இறந்த சுவிட்சை விலக்கிச் செல்வது எளிது. அரைகுறையாய் வாழும் சுவிட்சே பின்னலுக்குப் பெருந்துன்பம் தருவது. அதனை அறியப் பெறுநர் முனையிலிருந்து அளந்து வருதல் வேண்டும். சுவிட்சின் சொல்லை மட்டும் நம்புதலாகாது.

இரண்டு என்பது எப்போது இரண்டு?

மைக்ரோசாஃப்ட் தரவு மையங்களின் பழுதுகளை ஆராய்ந்து பிலிப்பா கில், நவேந்து ஜெயின், நாச்சியப்பன் நாகப்பன் ஆகிய மூவர் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். (மூன்றாம் பெயரின் தமிழ் மணத்தை மாணவர் நுகர்வாராக.) மலிவான அடுக்குச் சுவிட்சுகள் பெரிதும் நம்பத்தக்கவை என்பது அவர் கண்ட ஒரு முடிவு. மற்றொரு முடிவு கசப்பானது: மாற்று வழி வைத்திருந்தும், பழுதின் இடைநிலைத் தாக்கத்தைக் குறைப்பதில் அது 40 விழுக்காடு அளவே பயன் தந்தது. இரட்டிப்புப் பொருள் செலவழித்தும் பயன் பாதிக்கும் குறைவு எனில் குறை எங்குளது?

கணக்கு ஒன்றைக் காண்போம். ஒரு வழி நூறு நாளில் ஒரு நாள் பழுதுறும் எனக் கொண்டால், இரு வழிகளும் ஒருசேரப் பழுதுறுவது பதினாயிரம் நாளில் ஒரு நாள். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகட்கு ஒருமுறை. ஆயின் இக்கணக்கு, ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது என்ற உறுதியின் மேல் நிற்பது. இரு வடங்களும் ஒரே குழியில் ஓடினால், ஒரே மின்கலத்தில் வாழ்ந்தால், ஒரே மென்பொருளை இயக்கினால், ஒரே மனிதரின் கட்டளைக்குப் பணிந்தால் அக்கணக்கு உடனே வீழும்.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் மும்பை தேசியப் பங்குச்சந்தையில் முற்பகல் 11.40 மணிக்கு வணிகம் நின்றது. இரு வேறு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பல இணைப்புகள் பெற்றிருந்தும் இரு நிறுவனத்தாரின் இணைப்புகளிலும் ஒருசேரப் பழுது நேர்ந்ததாகச் சந்தை அறிவித்தது. வணிகம் நடத்தும் கணினிகள் நலமாகவே இருந்தன. இடர் கணிக்கும் அமைப்பு எட்டாததால் வணிகத்தை நிறுத்த நேர்ந்தது எனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கி மாலை 5 மணி வரை நடந்தது.

அவ்வாண்டே அக்டோபர் 4ஆம் நாள், நம் நாட்டில் இரவு 9 மணி கடந்த வேளையில், ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகெங்கும் ஒருசேர மறைந்தன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரே கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைத்த நெடுவழிகள் யாவற்றையும் அணைத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. வடங்கள் எத்தனை இருந்தும் என்ன பயன்? யாவும் ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தன. மீள ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று.

மாறாக, தற்சார்புடைய மாற்று வழி எவ்வாறு காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையே சான்று. 2008 ஜனவரி 30இல் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கடலடி வடங்கள் அறுந்து, இந்தியாவின் மேற்குத் திசை இணையத் தொடர்பு பெரிதும் நலிந்தது. அப்போது, சென்னையிலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற கிழக்கு வடங்களின் வழியே பெருமளவு தரவு திருப்பிவிடப்பட்டது. நீண்ட வழி, தாமதமான வழி; ஆயினும் வேறு கடல், வேறு கரை. எட்டாண்டுகட்குப் பின், 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கிழக்கு வடத்திற்கே ஊறு நேர்ந்து இணையம் தளர்ந்தது. மேற்கும் கிழக்கும் ஒரே நாளில் அறுபடவில்லை என்பதே ஆறுதல்.

நம் கூடங்களில்

பெருந்தரவு மையத்தின் நுட்பங்கள் ஐம்பது தையல் எந்திரமுள்ள கூடத்திற்கு வேண்டுவனவல்ல. ஆயினும் இரு நிறுவனத்தாரிடம் இணைப்புப் பெற்றுவிட்டோம் என அமைதி கொள்ளும் உரிமையாளர், அவ்விரு வடங்களும் எவ்வெத் தெரு வழியே வருகின்றன எனக் கேட்டறிதல் வேண்டும். ஒரே மின்கம்பத்தில் இரண்டும் தொங்கினால், சாக்கடைக்கெனத் தோண்டும் ஒரு ஜேசிபி எந்திரமோ ஒரு லாரியின் உயரமோ இரண்டையும் ஒருசேர முடிக்கும். ஒன்று கம்பி வழியாகவும் மற்றொன்று கைப்பேசிக் கோபுரம் வழியாகவும் வருமாறு செய்தல் செலவு குறைந்த மாற்று. இரு இணைப்புகளும் ஒரே திசைவியில் வந்து முடிகின்றனவா, அத்திசைவி ஒரே மின்சேமிப்புக் கருவியை நம்பியுள்ளதா என்பதையும் காணல் வேண்டும். மின்சாரம் நின்ற பின் கோபுரத்தின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வேறொரு வினா.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், பணி நடக்கும் வேளையிலேயே தன் கணினிகளைத் தானே கண்மூடித்தனமாக அணைத்துப் பார்க்கும் ஒரு நிரலை எழுதி, 2012இல் அதனை யாவரும் பயன்கொள்ள வெளியிட்டது. குரங்கின் பெயரை அதற்கு இட்டனர்; பொருத்தமான பெயர்தான். நம் கூடங்கட்கு நிரல் வேண்டா. திங்களுக்கு ஒருமுறை, வேலை குறைந்த மாலைப் பொழுதில், முதல் இணைப்பின் வடத்தைக் கையால் கழற்றிப் பார்த்தால் போதும். மாற்று வழிக்கு மாற எத்தனை நொடிகள் ஆயின, எந்தப் பணி இடையில் நின்றது என்பனவற்றை ஒரு பதிவேட்டிற் குறித்தல் வேண்டும். பின்னர் வடத்தை மீளச் செருகி, பழைய வழிக்கு அது திரும்புகின்றதா எனவும் காணல் வேண்டும். மாதந்தோறும் கட்டணம் செலுத்தி வந்த இரண்டாம் இணைப்பு எப்போதோ உயிரற்றுப் போயிருப்பது, சில கூடங்களில் அம்முதற் சோதனையிலேயே தெரியவரும்.